டவுன்லோடு 70 வருது, அப்லோடு ஒன்றரைய தாண்ட மாட்டேங்குது, அதுவும் வைஃபைல மட்டும்

தாமிரபரணிக்காரன் | செவ்வாய், ராத்திரி 10.40

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு மாசமா ஒரு பிரச்சனைய வச்சிக்கிட்டு மண்டைய உடைச்சிக்கிட்டு இருக்கேன், யாராவது கரை சேத்து விடுங்க.

வீடு பாளையங்கோட்டை பக்கம். ஃபைபர் கனெக்‌ஷன், 100 எம்பிபிஎஸ் பிளான், ஏறுறதும் எறங்குறதும் ரெண்டுமே 100னு சொல்லித்தான் குடுத்தாங்க. வீட்டம்மா பிளஸ் டூ பிள்ளைகளுக்கு கெமிஸ்ட்ரி டியூஷன் எடுக்கா, கிளாஸ ரெக்கார்டு பண்ணி யூடியூப்ல ஏத்தணும், ஒரு வீடியோ 1.8 ஜிபி கிட்ட வரும். இத ஏத்த ரெண்டே முக்கா மணி நேரம் ஆகுது. ராத்திரி சாப்பிட்டு முடிச்சி ஏத்த ஆரம்பிச்சா பன்னெண்டு மணிக்கு 94 சதவீதம்னு நிக்கும், அங்கன வச்சி நெட்வொர்க் எரர்னு ஒரு வரி வரும் பாருங்க, அந்த நேரம் அவ என்னைய பாக்குற பார்வை இருக்கே.

லேப்டாப்ல ஸ்பீட்டெஸ்ட் போட்டா டவுன்லோடு 68, 70, 72னு வருது. அப்லோடு 1.5, சில நேரம் 0.9. அதே லேப்டாப்ல லேன் ஒயர சொருகி பாத்தா 95க்கு 94, ரெண்டு பக்கமும் கரெக்டா வருது. போன்ல ஒரு நேரம் அப்லோடு 85 வரும், ஒரு நேரம் 2 வரும், ஒண்ணும் புரியல.

கம்பெனிக்காரங்களுக்கு போன் போட்டா எங்க பக்கம் ஸ்பீடு வருது சார், உங்க லேப்டாப் பழசுங்கான். பழசுதான், ஒத்துக்கிடுதேன், ஆனா பழச வச்சிக்கிட்டு 70 எறக்க முடியுது, 2 ஏத்த முடியாதா?


ராத்திரி_ஷிஃப்ட் | செவ்வாய், 10.52

ரவுட்டர ஆஃப் பண்ணி ஆன் பண்ணீங்களா ப்ரோ?


தாமிரபரணிக்காரன் | செவ்வாய், 10.55

ரெண்டு மாசமா தெனமும் காலைல பல்லு வெளக்குற மாதிரி அதத்தான் பண்ணிக்கிட்டு இருக்கேன் ப்ரோ.


சந்தேகப்_பேர்வழி | செவ்வாய், 11.10

நான் சொல்றேன் கேளுங்க, இது எல்லா கம்பெனியும் பண்ற வேலைதான், டவுன்லோடு மட்டும் ஒழுங்கா விட்டுட்டு அப்லோட அமுக்கி வச்சிருவான், ஏன்னா எல்லாரும் டவுன்லோடதான் பாப்பான். ரெகுலேட்டருக்கு கம்ப்ளெயின்ட் போடுங்க, அப்பதான் வழிக்கு வருவான்.


ஒயர்மேன்77 | புதன், காலை 6.20

சந்தேகம் அண்ணா, லேன்ல 94 ஏறுதுன்னு அவரே எழுதி இருக்காருங்க. கம்பெனிக்காரன் அமுக்குனா ஒயர்லயும் அமுங்கி இருக்கணும்ல? அவனுக்கு உங்க வீட்டுக்குள்ள நீங்க ஒயர்ல போறீங்களா காத்துல போறீங்களான்னு எல்லாம் தெரியாதுங்க. அதனால கேபிள்காரர திட்டறத இப்போதைக்கு நிறுத்தி வைக்கலாம், தேவைப்பட்டா அப்பறம் திட்டிக்கலாம்.

தாமிரபரணி, நான் கோயமுத்தூர்ல பதினஞ்சு வருஷமா இந்த வேலைதான் பாக்கறேன். நீங்க எழுதுனதுல ரொம்ப உருப்படியான வரி லேன்ல 94ங்கறதுதான். பாதிப்பேரு அத சோதிக்காமயே வந்துருவாங்க. இப்ப ஒரு நாலு விஷயம் சொல்லுங்க.

ரவுட்டர் எது, கம்பெனி குடுத்த ஃபைபர் பொட்டியிலயே வைஃபையா, இல்ல தனியா நீங்க வாங்கி மாட்டுனதா. அது எங்க இருக்கு. வைஃபை ஓடற ரெண்டு அலைவரிசைல லேப்டாப் 5 ஜிகாஹெர்ட்ஸ் எடுக்குமா, இல்ல 2.4 மட்டும்தானா. போன் எங்க வச்சி டெஸ்ட் பண்ணுனப்ப 85, எங்க வச்சப்ப 2.

அப்பறம் லேப்டாப்ல கமாண்ட் ப்ராம்ப்ட்ட தொறந்து நெட்எஸ்ஹெச், டபிள்யூலேன், ஷோ, இன்டர்ஃபேசஸ், இந்த நாலு வார்த்தைய எடம் விட்டு எடம் விட்டு இங்கிலீஷ்ல அடிங்க. அதுல ரிசீவ் ரேட், டிரான்ஸ்மிட் ரேட்னு ரெண்டு நம்பர் வரும். அத அப்படியே இங்க போடுங்க. ஸ்பீட்டெஸ்ட்ட விட அந்த ரெண்டு நம்பர்தான் எனக்கு முக்கியம்.


வீட்டுக்கு_வீடு | புதன், 9.05

டிஎன்எஸ்ஸ 8.8.8.8னு நாலு எட்டுக்கு மாத்துங்க. எனக்கு அதுல சரியாச்சு.


ஒயர்மேன்77 | புதன், 9.30

டிஎன்எஸ் பேர கேட்டு அட்ரஸ் சொல்ற ஆளுங்க. வீட்டு நம்பர் சொன்னதோட அவன் வேலை முடிஞ்சுது, அதுக்கப்பறம் 1.8 ஜிபி மூட்டைய நீங்கதான் சொமந்துட்டு போகணும். பக்கம் தொறக்கறதுக்கு லேட்டானா அத மாத்தி பாக்கலாம், ஏத்தற வேகத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல.


தாமிரபரணிக்காரன் | புதன், ராத்திரி 9.15

ஒயர்மேன் அண்ணாச்சி, கேட்டதெல்லாம் எடுத்துட்டேன்.

கம்பெனி பொட்டி வாசப்பக்கம் செவத்துல இருக்கு. அதுல இருந்து ஒயர் இழுத்து ஹால்ல டிவி ஷோகேஸ்ல நான் வாங்குன ரவுட்டர் இருக்கு. 2.4, 5 ரெண்டும் உண்டு, ரெண்டுக்கும் ஒரே பேருதான் வச்சிருக்கேன். லேப்டாப் 2016ல வாங்குனது, 2.4 மட்டும்தான். அவ உக்காந்து வேலை பாக்குற ரூம் ஹாலுக்கு அடுத்த ரூம், நடுவுல ஒரு ஒம்போது இஞ்ச் செங்கல் செவரு. சிக்னல் ஃபுல் கட்டை காட்டுது, அதான் கடுப்பு.

போன் ஹால்ல வச்சா 85, மாடில மொட்டமாடி ரூம்ல வச்சா 2.

ரிசீவ் ரேட் 144, டிரான்ஸ்மிட் ரேட் 6.5. திரும்ப திரும்ப அடிச்சி பாத்தேன், டிரான்ஸ்மிட் 6.5, 13, 6.5, 19.5னு ஆடிக்கிட்டே இருக்கு, ரிசீவ் 144லயே ஆணி அடிச்சாப்புல நிக்குது.

அப்பறம் பொட்டியோட பேஜுக்குள்ள போயி பாத்தேன், ஆப்டிகல் பவர், அதான் ஃபைபர்ல வர்ற வெளிச்சத்தோட அளவு, மைனஸ் 19.6னு காட்டுது. இது நல்லதா கெட்டதா?


ஒயர்மேன்77 | புதன், 10.05

மைனஸ் 19.6 தங்கமான ரீடிங். மைனஸ் 27 தாண்டினாதான் கவலைப்படணும். அதனால ஃபைபர் சுத்தமா விடுதலை.

இப்ப அந்த ரெண்டு நம்பர பாருங்க. ரிசீவ் 144ன்னா ரவுட்டர் பேசறது லேப்டாப்புக்கு கணீர்னு கேக்குது. ரெண்டு ஆன்டெனா, 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்துல அதுக்கு மேல போகவே போகாது. டிரான்ஸ்மிட் 6.5ன்னா, லேப்டாப் பேசறது ரவுட்டருக்கு கேக்கலை. கேக்காதப்ப லேப்டாப் என்ன பண்ணும், ஒவ்வொரு எழுத்தா நிறுத்தி நிறுத்தி சொல்லும், அதான் 6.5. அந்த தலைமுறை வைஃபைல இருக்கறதுலயே கீழ்ப்படி அது.

பொதுவா தூரத்துல வச்சா இது நடக்கும். ரவுட்டர் உங்க ஊரு கோயில் கொடைல கட்டற ரேடியோ செட் மாதிரி, நாலு தெரு தள்ளியும் கேக்கும். போனும் லேப்டாப்பும் வெறும் வாயால பேசறவங்க, பேட்டரிய மிச்சம் பிடிக்கணும்னு கொஞ்சமாதான் சத்தம் போடும். கட்டைங்க நீங்க பாக்கறது ரேடியோ செட் எவ்ளோ கேக்குதுங்கறதுக்கு, நீங்க பேசறது அங்க போய் சேருதாங்கறதுக்கு இல்ல. மொட்டமாடி ரூம் கதை பாதி இதுவா இருக்கலாம்.

ஆனா உங்க லேப்டாப் பக்கத்து ரூம்ல இருக்கு. ஒரு செவருக்கே இப்படி ஆகக்கூடாது. எனக்கு இடிக்குது.


இன்டக்‌ஷன்_எதிரி | புதன், 10.30

வீட்டுல இன்டக்‌ஷன் அடுப்பு இருக்கா? அது ஓடும்போது வைஃபை அடி வாங்கும்.


அப்பாவி_அட்மின் | புதன், 10.48

அது இல்லங்க. இன்டக்‌ஷன் அடுப்பு ஓடுறது கிலோஹெர்ட்ஸ்ல, இருபதுல இருந்து நூறுக்குள்ள. நீங்க மனசுல வச்சிருக்குறது மைக்ரோவேவ் அவன், அதுதான் 2.45 ஜிகாவுல ஓடும், கதவு ரப்பர் தளர்ந்துச்சுன்னா 2.4 வைஃபைய ஒரு வழி பண்ணிரும். எங்க ஆபீஸ் கேன்டீன்ல மதியம் ஒரு மணிக்கு பக்கத்து கேபின்ல எல்லாருக்கும் மீட்டிங் கட்டாகும், ஆறு மாசம் கழிச்சுதான் சாம்பார் சுட வைக்கிறாங்கன்னு கண்டுபுடிச்சோம்.


கொண்டைச்சேவல் | வியாழன், காலை 7.50

இதே பிரச்சனை எனக்கும் மக்கா. ஆனா எனக்கு அப்லோடு ஸ்பீடு வருது, 40 எம்பிபிஎஸ் பிளான்ல 38 ஏறுது. ஆனா அப்லோடு நடக்கும்போது வீட்டுல யாரும் எதையும் தொட முடியல, வாட்சப் கால் எல்லாம் ரோபோ குரல்ல வருது. பிங், அதான் ஒரு பொட்டலம் போயிட்டு திரும்பி வர்ற நேரம், சும்மா இருக்கும்போது 18 மில்லிசெகண்டு, ஏத்தும்போது 600 தாண்டுது. வீட்டுல நாலு கேமரா கிளவுடுக்கு போகுது, போன் போட்டோ பேக்கப்பும் ஓடும். என்ன செய்ய?


அப்பாவி_அட்மின் | வியாழன், 8.20

உங்களோடது வேற வியாதி. பொட்டிக்குள்ள ஒரு வரிசை இருக்கு, கேமராவும் போட்டோவும் மூட்டை மூட்டையா கொண்டாந்து அந்த வரிசைல அடுக்கிருது, உங்க வாட்சப் பேச்சு சின்ன பொட்டலம், ஆனா அதுவும் அந்த வரிசை கடைசில போயி நிக்கணும். ரேஷன் கடைல ஒரு ஆளு பத்து கார்டு கொண்டுவந்தா பின்னாடி நிக்கிறவன் கதி என்ன ஆகும், அதேதான். ரவுட்டர்ல க்யூஓஎஸ், இல்ல எஸ்க்யூஎம்னு இந்த வரிசைய ஒழுங்கு பண்ற செட்டிங் இருந்தா ஆன் பண்ணி அப்லோடு லிமிட்ட 34, 35னு வைங்க. மூணு நாலு எம்பிபிஎஸ் போயிரும், ஆனா வரிசை உங்க ரவுட்டர் கைக்கு வந்துரும், அது சின்ன பொட்டலத்த முன்னாடி விடும். போட்டோ பேக்கப்ப ராத்திரிக்கு தள்ளுங்க. இதுக்கு மேல பேசணும்னா தனி இழை தொறங்க, இங்க தாமிரபரணி சார் பாவம்.


தாமிரபரணிக்காரன் | வியாழன், ராத்திரி 10.10

பாவம்தான் சார். இன்னைக்கு சானல மாத்தி பாத்தேன். போன்ல ஒரு அனலைசர் ஆப்ப போட்டு பாத்தா எங்க தெருவுல பதினாலு வைஃபை இருக்கு, அதுல ஒம்போது 6வது சானல்ல குந்திக்கிட்டு இருக்கு, நானும் அங்கதான் இருந்தேன். இப்ப 11க்கு மாத்திட்டேன், அகலத்தையும் 40ல இருந்து 20 ஆக்கிட்டேன். அப்லோடு 3.8 வந்துச்சு. ஒன்றரைக்கு 3.8 பரவாயில்லதானே?


ஒயர்மேன்77 | வியாழன், 10.25

1, 6, 11 மூணுதான் 2.4ல ஒண்ணு மேல ஒண்ணு ஏறாம இருக்கும், அதுல கூட்டம் கம்மியானத எடுத்தது சரி. ஆனா 3.8 எல்லாம் வெற்றி இல்லீங்க. பக்கத்து ரூம்ல 2.4ல உங்களுக்கு ஐம்பது அறுபது ஏறணும்.

ஒரு வேலை பண்ணுங்க. வீட்டுல வேற கம்ப்யூட்டர் இருந்தா அத ரவுட்டர்ல ஒயர்ல மாட்டுங்க, ரெண்டுலயும் ஐபெர்ஃப்3ன்னு ஒரு புரோகிராம போட்டு ஒண்ணுக்கொண்ணு அனுப்பி பாருங்க. இன்டர்நெட்டே இல்லாம வீட்டுக்குள்ளயே அளக்கலாம். லேப்டாப்ல சும்மா ஓட்டுனா ஏத்தற வேகம், மைனஸ் பெரிய ஆர் சேத்து ஓட்டுனா எறக்கற வேகம்.


தாமிரபரணிக்காரன் | வெள்ளி, ராத்திரி 11.00

பையனோட பழைய டெஸ்க்டாப்ப தூக்கிட்டு வந்து மாட்டி பாத்தேன். ஏத்துறது 2.3. எறக்குறது 74. ஆக கம்பெனிக்காரன் மேல தப்பு இல்ல, எங்க வீட்டுக்குள்ளயே ஏதோ பேய் இருக்கு.

டிரைவர் அப்டேட் பண்ணியாச்சு, பவர் சேவிங்க ஆஃப் பண்ணியாச்சு, லார்ஜ் சென்ட் ஆஃப்லோடுன்னு எங்கயோ படிச்சி அதையும் ஆஃப் பண்ணியாச்சு. ஒரு பயனும் இல்ல. புது லேப்டாப் வாங்கிரலாமான்னு யோசனையா இருக்கு, அவ ஏற்கனவே விலை பாத்துக்கிட்டு இருக்கா.


மெதுவடை | வெள்ளி, 11.20

ரவுட்டர்ல டபிள்யூஎம்எம்னு டிராஃபிக்க தரம் பிரிக்கிற செட்டிங் ஆஃப்ல இருக்கா பாருங்க, செக்யூரிட்டி டிகேஐபிங்கிற பழைய பூட்டுல இருக்கா பாருங்க. இந்த ரெண்டுல ஏதாவது ஒண்ணு இருந்தா லிங்க் 54க்கு மேல போகாது. எங்க மாமா வீட்டுல யாரோ டிகேஐபில வச்சிட்டு போயிருக்காங்க, நாலு வருஷமா அவரு ஸ்பீடு இல்ல ஸ்பீடு இல்லன்னு பிளான ஏத்திக்கிட்டே இருந்திருக்காரு, 50ல ஆரம்பிச்சி 300 வரைக்கும் போயிட்டாரு மனுஷன்.


அப்பாவி_அட்மின் | வெள்ளி, 11.31

மெதுவடை, நல்ல பாயிண்ட், ஆனா இவருக்கு ரிசீவ் 144 நிக்குதே. 54 கதவு இவருக்கு சாத்தலை.


தாமிரபரணிக்காரன் | சனி, மதியம் 2.30

ஐயா ஒரு அதிசயம். இப்ப டெஸ்ட் போட்டேன், அப்லோடு 61!! நான் எதையும் தொடல. டிரான்ஸ்மிட் ரேட் 130 காட்டுது. சானல் மாத்துனது ரெண்டு நாள் கழிச்சி வேலை செய்யுதோ? எதுக்கும் இழைய மூடிரலாமா?


ஒயர்மேன்77 | சனி, 3.10

மூடாதீங்க. தானா வந்தது தானா போகும்.


தாமிரபரணிக்காரன் | திங்கள், காலை 7.15

அண்ணாச்சி உங்க வாயில சக்கரைய போட. நேத்து பூரா 60 கிட்ட வந்துச்சு, ராத்திரி பத்து மணிக்கு வீடியோவ ஏத்த உக்காந்தா 1.7. திரும்ப பழைய குருடி கதவ தொறடி.

அவ இப்பதான் சொல்லுதா, சனி ஞாயிறு எப்பவுமே நல்லாத்தான் ஏறும், வாரநாள்லதான் ஏறாதுன்னு. ரெண்டு மாசமா இத என்கிட்ட சொல்லல! கேட்டா நீங்க கேக்கலைங்கா.


சந்தேகப்_பேர்வழி | திங்கள், 8.00

பாத்தீங்களா, வாரநாள்ல ஆபீஸ் டிராஃபிக், கம்பெனிக்காரன் அமுக்குறான். நான் முதல்லயே சொன்னேன்.


அப்பாவி_அட்மின் | திங்கள், 8.25

சந்தேகம் சார், ஐபெர்ஃப் வீட்டுக்குள்ளயே 2.3 காட்டுச்சு. கம்பெனிக்காரன் அவரு ஷோகேஸ்க்குள்ள வந்து உக்காந்தா அமுக்குறான்? அதோட சனி ஞாயிறுதான் தெருவே வீட்டுல இருக்கும், பக்கத்து வீட்டு வைஃபைதான் காரணம்னா அன்னைக்குத்தான மோசமா இருக்கணும். இவருக்கு தலைகீழா இருக்கு.

வாரநாள்ல இருந்து சனி ஞாயிறுல இல்லாம போற பொருள் ஏதோ ஒண்ணு அந்த வீட்டுல இருக்கு. தாமிரபரணி சார், சனிக்கிழமை காலைல உங்க வீட்டுல என்னென்ன மாறுதுன்னு ஒண்ணு விடாம எழுதுங்க. ரவுட்டர சுத்தி என்ன இருக்குன்னும் எழுதுங்க, சின்ன சாமானா இருந்தாலும் பரவாயில்ல.


தாமிரபரணிக்காரன் | திங்கள், ராத்திரி 9.40

சரி எழுதுதேன், சிரிக்கக்கூடாது.

ஷோகேஸ்ல நடு தட்டுல ரவுட்டர். அதுக்கு இடது பக்கம் டிஷ் பொட்டி, வலது பக்கம் கொலு பொம்மை ஒரு தவில்காரர், அவரு ஜோடி நாதஸ்வரக்காரர் போன வருஷம் உடைஞ்சி போச்சு. ரவுட்டர் மேலயே ஹார்டு டிஸ்க் வச்சிருக்கேன், ஒரு டிபி, அதுல படமெல்லாம் கெடக்கு, ரவுட்டர் யூஎஸ்பில சொருகி வச்சா எல்லா ரூம்லயும் பாக்கலாம்னு வாங்குனது. டிவிக்கு பின்னால ஸ்பைக் பஸ்டர். அவ்ளோதான்.

சனிக்கிழமை காலைல பையன் ஹார்டு டிஸ்க்க உருவிக்கிட்டு மாடில தாத்தா ரூம் டிவில சொருகிருவான், அங்க வைஃபை சரியா எடுக்காதுல்லா. ஞாயித்துக்கிழமை ராத்திரி நான் எடுத்துட்டு வந்து திரும்ப மாட்டுவேன். அப்பறம் சனிக்கிழமை வாசிங் மெஷின் ஓடும். கறி எடுப்போம். வேற என்ன.


அப்பாவி_அட்மின் | திங்கள், 9.44

நிறுத்துங்க நிறுத்துங்க. ஹார்டு டிஸ்க் ஒயர் நுனியும் ரவுட்டர் ஓட்டையும் உள்ள நீல கலர்ல இருக்கா?


தாமிரபரணிக்காரன் | திங்கள், 9.47

ஆமா நீலம். ஏன்?


ஒயர்மேன்77 | திங்கள், 9.50

அட கடவுளே. பதினஞ்சு வருஷம் வேலை பாத்து என்னத்துக்கு, ரவுட்டர் மேல என்ன இருக்குன்னு கேக்காம விட்டுட்டேனே. தாமிரபரணி, இப்பவே எந்திரிச்சி போயி அத உருவிட்டு அந்த ரெண்டு நம்பர பாருங்க.


தாமிரபரணிக்காரன் | திங்கள், 9.58

உருவினேன். டிரான்ஸ்மிட் 130.
சொருகினேன். 13, 6.5.
உருவினேன். 117, 130.

ஏ ஆத்தா.


மெதுவடை | திங்கள், 10.01

😂😂😂 ரெண்டு மாசம்


ராத்திரி_ஷிஃப்ட் | திங்கள், 10.03

எனக்கு புரியல. ஹார்டு டிஸ்க்குக்கும் வைஃபைக்கும் என்ன சம்பந்தம்? அதுல ஆன்டெனா எல்லாம் இல்லையே.


அப்பாவி_அட்மின் | திங்கள், 10.30

ஆன்டெனா இல்லாததுதான் பிரச்சனையே ப்ரோ, அந்த ஒயரே ஆன்டெனா ஆயிருது.

நீல கலர்னா அது பெரும்பாலும் யூஎஸ்பி 3.0, அதான் கேட்டேன். அது வினாடிக்கு 5 ஜிகாபிட் வேகத்துல ஓடுது. அவ்ளோ வேகமா மின்சாரம் மேல கீழ குதிக்கும்போது இரைச்சல் வெளிய கசியும், அந்த இரைச்சல் சைபர்ல இருந்து கிட்டத்தட்ட 5 ஜிகாஹெர்ட்ஸ் வரைக்கும் பரவி கெடக்கும், நடுவுல நம்ம 2.4 மாட்டிக்குது. படம் ஓடணும்னு கூட இல்ல, லிங்க் முழிச்சிருந்தாலே இரைச்சல்தான், ரெண்டு பக்கமும் சும்மா இருக்கும்போதும் எதையாவது அனுப்பிக்கிட்டேதான் இருக்கும். 5 ஜிகா வைஃபைல இது அவ்வளவா தெரியாது, ஏன்னா அந்த எடத்துல இரைச்சல் தேய்ஞ்சி போயிருக்கும். ஹால்ல போன் 85 ஏத்துனது அதான், அங்க போன் 5 ஜிகாவுல இருந்திருக்கு, மொட்டமாடி போனதும் 2.4க்கு எறங்கி இருக்கு. ரெண்டுக்கும் ஒரே பேரு வச்சதால இவருக்கு தெரியல.

இது ரகசியமும் இல்ல, இன்டெலே 2012ல இதபத்தி ஒரு அறிக்கை போட்டுருக்காங்க, யூஎஸ்பி 3 டிஸ்க்க பக்கத்துல வச்சா ஒயர்லெஸ் மவுஸ் தடுமாறுதுன்னு. 2.4ல இரைச்சல் கிட்டத்தட்ட 20 டெசிபெல் ஏறுதுன்னு அதுல அளந்து காட்டி இருக்காங்க. 20 டெசிபெல்னா நூறு மடங்கு.

இப்ப ஏன் அப்லோடு மட்டும் அடி வாங்குச்சுன்னா, இரைச்சல் இருக்குறது ரவுட்டர் காதுக்கிட்ட. லேப்டாப் அடுத்த ரூம்ல அமைதியான எடத்துல இருக்கு, அதுக்கு ரவுட்டர் சொல்றது சுத்தமா கேக்குது, டவுன்லோடு ஓடுது. ரவுட்டர் தலை மேல ஒருத்தன் மிக்சி ஓட்டிக்கிட்டு இருக்கான், அதுக்கு லேப்டாப் சொல்றது கேக்கல. டவுன்லோடுலயும் லேப்டாப் வந்துச்சு வந்துச்சுன்னு பதில் சொல்லணும்தான், ஆனா அந்த பதிலு சின்னது, மெதுவான வேகத்துல போறது, மிக்சி சத்தத்துலயும் எப்படியோ காதுல விழுந்துரும். பெரிய பாக்கெட்தான் செத்துச்சு.


ஒயர்மேன்77 | திங்கள், 10.42

அட்மின் தம்பி சொன்னதுல ஒண்ணு சேத்துக்கறேன். இந்த மாதிரி நேரத்துல எல்லாரும் ரவுட்டர்ல டிரான்ஸ்மிட் பவர ஏத்துவாங்க. அப்லோடுக்கு அது பத்து பைசா பிரயோஜனம் இல்ல. ரேடியோ செட் சத்தத்த கூட்டுனா ரேடியோ செட்டுக்கு காது நல்லா கேக்குமாக்கும்?


தாமிரபரணிக்காரன் | திங்கள், 10.50

அப்ப ஹார்டு டிஸ்க்க தூக்கி போட்டுரணுமா? பையன் என்னைய வீட்ட விட்டு தள்ளிருவான்.


ஒயர்மேன்77 | திங்கள், 11.05

வேண்டாங்க. டிஸ்க்ல சொருகற எடத்த பாருங்க, அகலமா ரெண்டு பகுதியா இருக்கும், ஒரு பெரிய பல்லு ஒரு சின்ன பல்லு மாதிரி. அதுல பெரிய பகுதி நம்ம பழைய ஆண்ட்ராய்டு போன் மைக்ரோ யூஎஸ்பி அச்சு அசலா. வீட்டு டிராயர்ல பழைய போன் கேபிள் ஒண்ணாச்சும் கெடக்கும், அத அந்த பெரிய பகுதில சொருகிட்டு இன்னொரு நுனிய ரவுட்டர்ல மாட்டுங்க. அந்த கேபிள்ல யூஎஸ்பி 3க்கான கம்பியே இல்ல, அதனால ரெண்டும் 2.0 வேகத்துலதான் பேசிக்கும், இந்த இரைச்சல் வராது. வினாடிக்கு 30 எம்பி கிட்ட கெடைக்கும், படம் பாக்க அதுவே தாராளம். சார்ஜுக்கு மட்டும்னு வர்ற மட்டமான கேபிளா இருந்தா டிஸ்க் தெரியாது, வேற எடுங்க. டிஸ்க் டிக் டிக்னு சத்தம் போட்டா கரண்ட் பத்தலைன்னு அர்த்தம், உடனே உருவிருங்க.

சில ரவுட்டர்ல யூஎஸ்பி 3 இரைச்சல கொறைன்னு செட்டிங்கே இருக்கும், அதுவும் இதத்தான் செய்யுது, 2.0க்கு எறக்கி விடுது. எப்படியும் டிஸ்க்க ரவுட்டர் தலை மேல இருந்து எறக்கி கீழ் தட்டுல வைங்க. சூட்டுக்கும் நல்லது.


தாமிரபரணிக்காரன் | செவ்வாய், ராத்திரி 10.20

அண்ணாச்சி, ரவுட்டர்ல அந்த செட்டிங் இல்ல. டிராயர்ல ஒம்போது கேபிள் இருந்துச்சு, அதுல ஏழு சார்ஜ் மட்டும் கேபிளு. எட்டாவது எங்கப்பாவோட பழைய போன் கேபிளு, நுனில செல்லோடேப் சுத்தி இருந்துச்சு, அது எடுத்துக்கிடுச்சு. டிஸ்க் கீழ் தட்டுல, தவில்காரர் ரவுட்டர் பக்கத்துலயே இருக்காரு, அவர குத்தம் சொல்ல ஒண்ணும் இல்ல.

இன்னைக்கு வீடியோ 1.8 ஜிபி, அஞ்சு நிமிஷத்துக்குள்ள ஏறிருச்சு. அவ ஏத்த விட்டுட்டு பால் காய்ச்ச போனா, திரும்பி வந்து பாத்துட்டு நின்னு போச்சுன்னு கத்துதா. நிக்கல, முடிஞ்சிருச்சுன்னு காட்டுனேன். ஒரு வார்த்தை பாராட்டல, இத ரெண்டு மாசத்துக்கு முன்னாடியே செஞ்சிருக்கலாம்லாங்கா.

மொட்டமாடில 2 வந்தது இப்ப 14 வருது. அதுக்கு என்ன செய்யலாம்?


ஒயர்மேன்77 | செவ்வாய், 10.35

அது இப்ப நெஜமான தூரப் பிரச்சனை, கான்கிரீட் தளத்த தாண்டி போன் கத்தணும். நடுவுல இரும்பு பீரோ ஏதாச்சும் இருந்தா நகத்தி பாருங்க. நிரந்தரமா வேணும்னா மாடிக்கு ஒரு லேன் ஒயர இழுத்து அங்க ஒரு சின்ன ஆக்சஸ் பாயிண்ட்ட, அதான் ஒயர்ல வாங்கி வைஃபையா குடுக்கற பொட்டிய, மாட்டிருங்க, ரிப்பீட்டர் வாங்காதீங்க, அதுவும் காத்துலதான் வாங்கி காத்துலதான் குடுக்கும், பாதி போயிரும். ஒயர் கேட்5ஈ வாங்குங்க, கடைக்காரரு அலுமினியத்துல செம்பு பூசுனத தலைல கட்டுவாரு, சுத்த செம்பான்னு கேட்டு வாங்குங்க.


சந்தேகப்_பேர்வழி | செவ்வாய், 10.50

எல்லாம் சரி. ஆனா வேற எடத்துல கம்பெனிக்காரன் அமுக்கத்தான் செய்றான்.


பேச்சிப்பாறை | புதன், காலை 6.05

வணக்கம், புதுசா சேந்திருக்கேன். எனக்கும் அச்சு அசல் இதே பிரச்சனை, டவுன்லோடு 90, அப்லோடு 3. ஆனா எங்க ரவுட்டர்ல யூஎஸ்பியே இல்ல. என்ன செய்ய?


அப்பாவி_அட்மின் | புதன், 6.40

தனி இழை தொறங்க. ஒயர்ல எவ்ளோ, ரிசீவ் ரேட் எவ்ளோ, டிரான்ஸ்மிட் ரேட் எவ்ளோன்னு முதல் பதிவுலயே போடுங்க. அப்பறம் ரவுட்டர் மேல, கீழ, பக்கத்துல என்னென்ன இருக்குன்னு ஒரு போட்டோ. பொம்மை இருந்தா அதுவும் தெரியணும்.